வேலூரில் ஒரு நாள்: சிற்பம், அருங்காட்சியகம், தெருக்கலை பார்க்கப் போகும் மாணவர்களுக்கு

கல்லூரியில் ஒரு வேலை கொடுத்தார்கள். "ஒரு ஊரைத் தேர்ந்தெடு, ஒரு நாள் முழுக்க அங்கிருக்கும் கலைப்பொருள்களைப் பார், பத்துப் படம் வரைந்து குறிப்போடு கொடு." நான் குடியாத்தத்துக்காரி. வேலூர் எனக்குப் பக்கத்து வீடு மாதிரி, இதற்கென்ன திட்டம் வேண்டியிருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். அன்று நான் போன இடமெல்லாம் சாத்தியிருந்தது. ஒரே வேலைக்கு மூன்று முறை போய்வந்த பிறகுதான் எந்த இடத்துக்கு எந்த நேரம் என்பது பிடிபட்டது. நீங்கள் ஒரே முறையில் முடித்துக்கொள்ளுங்கள்.

1. முதலில் கிழமை

வெள்ளிக்கிழமை வேண்டாம். அன்று அருங்காட்சியகம் விடுமுறை, கோயிலில் கூட்டம். வெள்ளிக்கிழமை காலேஜ் இல்லை என்பதற்காகவே நான் முதல் தடவை அந்த நாளைத் தேர்ந்தெடுத்தேன். இரண்டாம் சனிக்கிழமை, அரசு விடுமுறை நாள்களையும் தவிர்த்துவிடுங்கள். பிரதோஷம், பௌர்ணமி, கிருத்திகை எப்போது வருகிறது என்று வீட்டுக் காலண்டரிலும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். சாமி கும்பிட வந்தவர்கள் நடுவே தூணடியில் உட்கார்ந்து வரைவது அவர்களுக்கும் இடைஞ்சல், உங்களுக்கும் இடைஞ்சல். செவ்வாய், புதன், வியாழன் சரியாக வரும்.

மாதம் என்றால் மார்கழி, தை, மாசி. வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சித்திரையில் கோயில் கல்தரையில் வெறுங்காலோடு நின்றால் படம் வராது, கொப்புளம்தான் வரும்.

2. கடிதம்

சும்மா பார்ப்பதற்குக் கடிதம் தேவையில்லை. உட்கார்ந்து வரையவும், படம் எடுத்துப் பாடவேலையில் சேர்க்கவும் போகிறீர்கள் என்றால் கையில் ஒன்று இருக்கட்டும். நான் "கோட்டை அதிகாரி அவர்களுக்கு" என்று எழுதிக்கொண்டு போனேன். அப்படி ஓர் ஆளே கிடையாது.

கோட்டை மதிலுக்குள் இருப்பதெல்லாம் ஒரே நிர்வாகம் இல்லை. கோட்டையும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கட்டடமும் மத்திய அரசின் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை. அரசு அருங்காட்சியகம் மாநில அரசின் அருங்காட்சியகங்கள் துறையுடையது. ஒரு துறைக்கு எழுதிய கடிதத்தை இன்னொரு துறையிடம் நீட்டினால் "இது எங்களுக்கு இல்லையேம்மா" என்று நல்லபடியாகவே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். ஆகவே இரண்டு கடிதம்.

அருங்காட்சியகத்துக்கு எழுதும்போது "காப்பாட்சியர், அரசு அருங்காட்சியகம், வேலூர் கோட்டை" என்று முகவரியிடுங்கள். துறைத்தலைவர் கையெழுத்து, கல்லூரி முத்திரை, தேதி, போகும் மாணவர்களின் பெயர், பதிவெண் எல்லாம் இருக்க வேண்டும். நோக்கத்தை ஒரே வரியில் எழுதினால் போதும்: படிப்புக்காகப் பென்சிலில் வரைவது, ப்ளாஷ் இல்லாமல் செல்போனில் படம் எடுப்பது. "ஆய்வு" என்ற பெரிய சொல்லைப் போட்டால் கேள்விகளும் பெரிதாக வரும். இரண்டு பிரதி எடுத்து ஒன்றில் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கோட்டையில் செல்போனையோ கையடக்கக் கேமராவையோ வைத்துச் சொந்த உபயோகத்துக்குப் படம் எடுப்பதில் தொல்லை இல்லை. ட்ரைபாட் விரித்தால், விளக்கு வைத்தால் கதை வேறு. அதற்குத் தொல்லியல் துறையின் சென்னை வட்ட அலுவலகத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். ஒரு நாள் பயணத்துக்கு அவ்வளவு பாடு தேவையில்லை, ட்ரைபாடை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ட்ரோன் வைத்திருக்கும் நண்பரையும்.

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்க எனக்கு நான்கு நாள் ஆனது, முத்திரைக்கு இன்னொரு நாள். போகும் நாளுக்குப் பத்து நாள் முன்பே ஆரம்பியுங்கள். கல்லூரி அடையாள அட்டையும் ஆதார் நகலும் தனியாகப் பையில் இருக்கட்டும்.

3. பையில்

ஏ5 அளவு நோட்டு, அடியில் வைத்துக்கொள்ள கெட்டி அட்டை, இரண்டு 4பி பென்சில், அழிப்பான். பேனா வேண்டாம். சிற்பத்துக்குப் பக்கத்தில் மை இருப்பதை எந்தக் காவலாளியும் விரும்புவதில்லை, நியாயம்தான். ஒரு லிட்டர் தண்ணீர். பத்து, இருபது ரூபாய் நோட்டுகளாக நூறு ரூபாய்க்குச் சில்லறை. பழைய சாக்ஸ் ஒரு ஜோடி, எதற்கென்று கல்தரையில் கால் வைத்ததும் தெரியும். ஒரு நீளமான துண்டும் வேண்டும். அதன் உபயோகம் கீழே வருகிறது.

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் இரவே வந்துவிடுவது நல்லது. சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் இரண்டு மணி நேரம் போலத்தான், ஆனாலும் காலை ஏழு மணிக்கு நீங்கள் வேலூரில் பஸ் ஏற வேண்டும். தங்க இடம் தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள். சிஎம்சி மருத்துவமனையைச் சுற்றியுள்ள லாட்ஜுகள் நோயாளிகளின் குடும்பங்களை நம்பி நடப்பவை. முதலில் கேட்பதே "பேஷன்ட் யாரு?" என்பதுதான். தெரிந்தவர் விடுதி அறை கிடைத்தால் அதுவே மேல்.

4. காலை 7 மணி: விரிஞ்சிபுரம்

எல்லோரும் கோட்டையில்தான் ஆரம்பிப்பார்கள். வேண்டாம். முதலில் ஊருக்கு வெளியே போங்கள், காரணம் வெயில்.

வேலூரிலிருந்து மேற்கே, பெங்களூர் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவுக்கு முன்னால் வருகிறது விரிஞ்சிபுரம். பதினைந்து கிலோமீட்டர்கூட இருக்காது. பஸ்ஸில் ஏறும் முன் "விரிஞ்சிபுரம் நிக்குமா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். தொலைதூர பஸ்கள் நெடுஞ்சாலையில் பறந்துகொண்டே போய்விடும், பள்ளிகொண்டாவில் இறங்கித் திரும்பி வர நேரிடும். எனக்கு நேர்ந்தது.

இங்கிருக்கும் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலுக்குத் தமிழில் வழித்துணைநாதர் கோயில் என்று பெயர். பயணத்தை ஆரம்பிக்க இதைவிடப் பொருத்தமான சாமி கிடையாது. "திருவாரூர் தேரழகு, திருவிரிஞ்சை மதிலழகு" என்பார்கள். மன்னார்குடிக்காரர்கள் மதிலழகு எங்களுடையது என்று சண்டைக்கு வருவார்கள், அதற்குள் நாம் போக வேண்டாம். வெளியே நின்று அந்த மதிலை ஐந்து நிமிடம் பாருங்கள், பிறகு உள்ளே போங்கள்.

உள்ளே நீங்கள் தேட வேண்டியது காலம் காட்டும் கல். தெற்குச் சுற்றில் இருக்கிறது. அரைவட்டமாகச் செதுக்கி, விளிம்பில் ஆறிலிருந்து பன்னிரண்டு, ஒன்றிலிருந்து ஆறு என்று எண் வெட்டியிருக்கிறார்கள். மேலே ஒரு பள்ளம். நான் அதன் முன்னால் நின்று முழித்துக்கொண்டிருந்தபோது கோயில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு ஆயா வந்தார்.

"இன்னாம்மா, மொட்டக் கல்ல பாத்துகினு நிக்கிற? குச்சி வெச்சாதான மணி தெரியும்."

குச்சிக்கு எங்கே போவது? கையிலிருந்த 4பி பென்சிலைக் கொடுத்தேன். அவர் அதைப் பள்ளத்தில் பொருத்திப் பிடித்தார். மெல்லிய நிழல் கீழே விழுந்து எட்டைக் கொஞ்சம் தாண்டி நின்றது. என் செல்போனில் எட்டரை.

"தப்பா காட்டுதே ஆயா."

"கல்லு தப்பா காட்டாது. உன் போன பாரு."

அவர் சொன்னது சரிதான் என்று அப்புறம்தான் தெரிந்தது. நம் கடிகாரம் இந்தியா முழுமைக்கும் ஒரே நேரம், 82.5 பாகை தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிட்டது. வேலூர் அதற்கு மேற்கே 79 பாகை அருகில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்றால் இந்த ஊர்ச் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் கால் மணி நேரம் பின்தங்கித்தான் வரும். மாதத்துக்கு மாதம் இந்த வித்தியாசம் கூடிக்குறையும், தை மாசியில் கூடுதல். உங்கள் குறிப்பேட்டில் செல்போன் நேரம், நிழல் நேரம் இரண்டையும் எழுதி, தேதியும் போடுங்கள். என் நோட்டில் ஆசிரியர் நல்ல மதிப்பெண் போட்ட பக்கம் இதுதான்.

காலையில் போகச் சொன்னதன் காரணம் புரிந்திருக்கும். முதல் தடவை நான் மதியம் போனேன். கோயில் சாத்தியிருந்தது. திறந்தபோது வெயில் சாய்ந்து போயிருந்தது. நிழல் இல்லாமல் அந்தக் கல்லை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

கிளம்பும் முன் சிம்ம தீர்த்தத்தையும் பார்த்துவிடுங்கள். கிணற்றுக்குள் இறங்கும் வாசலையே சிங்கத்தின் வாயாகச் செதுக்கியிருக்கிறார்கள், பல்லும் மீசையுமாக. வெளியிலிருந்து வரைந்தால் போதும். கார்த்திகைக் கடை ஞாயிறு அன்று குழந்தை வரம் வேண்டிப் பெண்கள் கூட்டம் கூட்டமாக நீராட வருவார்கள், அந்த வாரம் பக்கத்தில் போக முடியாது. ஒன்பதே முக்காலுக்குள் திரும்பும் பஸ்ஸில் இருங்கள்.

5. காலை 10:30: கோட்டைக்குள் கல்யாண மண்டபம்

பழைய பஸ் நிலையத்தில் இறங்கினால் கோட்டை எதிரிலேயே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. உள்ளே 133 ஏக்கர் பரப்பு, சுற்றிலும் அகழி. எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று மதில்மேல் ஏறி நடக்க ஆரம்பித்தால் மதியம் ஆகிவிடும், கோயில் நடையும் சாத்திவிடும். நேராக ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போங்கள். செருப்பை விட்டதும் சாக்ஸ்.

கோபுரம் தாண்டி உள்ளே போனால் இடது கைப்பக்கம் கல்யாண மண்டபம். இதற்கு இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். நாளில் வேறு எதைக் குறைத்தாலும் இதைக் குறைக்காதீர்கள். முகப்புத் தூண்களில் முன்னங்கால் தூக்கிய குதிரைகளும் யாளிகளும், மேலே வீரர்கள், காலடியில் சிறிய உருவங்கள். முழுத் தூணையும் வரைய உட்கார்ந்தால் தோற்றுப் போவீர்கள். ஒரு குதிரையின் கடிவாளம், ஒரு யாளியின் வாய், இவ்வளவு போதும். கடிவாள வாரில் இருக்கும் மணிகளைக்கூட ஒவ்வொன்றாகக் கல்லிலேயே கோத்திருக்கிறார்கள். அதை எண்ணிக்கொண்டே வரைந்ததில் எனக்கு முக்கால் மணி போனது.

அப்புறம் விதானம். நடுவில் மலர்ந்த தாமரை, அதைச் சுற்றித் தலைகீழாகக் கிளிகள். அண்ணாந்து பார்த்தால் இரண்டு நிமிடத்தில் கழுத்து பிடித்துக்கொள்ளும். துண்டு இதற்குத்தான். ஆள் நடமாட்டம் இல்லாத ஓரமாக விரித்து உட்காருங்கள். செல்போனின் செல்பி கேமராவைத் திறந்து, திரை மேலே பார்க்கும்படி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். விதானம் முழுக்கத் திரையில் தெரியும், குனிந்தபடியே வரையலாம். இடவலம் மாறித் தெரியலாம், அதை மட்டும் கவனியுங்கள். என் முதல் கிளி எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது.

இங்கே இரண்டு விதமான விதிகள் உண்டு. நெடுங்காலம் வழிபாடு இல்லாமல் இருந்து, 1981இல் மறுபடி லிங்கம் வைத்த கோயில் இது. இன்று நினைவுச்சின்னம், கோயில் இரண்டுமாக இருக்கிறது. மண்டபத்தில் படம் எடுக்கலாம், சந்நிதிப் பக்கம் செல்போனைத் தூக்காதீர்கள். சிற்பத்தைத் தொடாதீர்கள், அதன்மேல் சாயாதீர்கள், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுக்கவே எடுக்காதீர்கள். தேய்ப்பது ஏதோ பள்ளிக்கூட விளையாட்டு என்று நினைத்துச் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானூறு வருடத்துக்கும் மேலான கல் அது.

நடை சாத்தும் நேரம் நெருங்கினால் காவலாளி வந்து குரல் கொடுப்பார். "அஞ்சு நிமிஷம் அண்ணா" என்று ஒரு தடவை கேட்கலாம். இரண்டாம் தடவை கேட்காதீர்கள்.

6. மதியம்

பழைய பஸ் நிலையம் பக்கம் சாப்பிட இடங்களுக்குக் குறைவில்லை. பிரியாணி ஆசை இருந்தால் இரவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மதியம் ஆம்பூர் பிரியாணி, இரண்டு மணிக்கு அருங்காட்சியகம் என்று நான் போட்ட திட்டம் ஒரு நடுகல்லின் முன்னால் கொட்டாவியோடு முடிந்தது.

7. மதியம் 2 மணி: அரசு அருங்காட்சியகம்

கோட்டைக்குள்ளேயேதான். காலை ஒன்பதரை முதல் மாலை ஐந்து வரை. நுழைவுச் சீட்டு சில்லறைக் காசுதான், அதற்காகவே சில்லறை கொண்டுவரச் சொன்னேன். செல்போனில் படம் எடுக்கத் தனிச்சீட்டு உண்டா என்பதைச் சீட்டு வாங்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள். உள்ளே போய்ப் படமெடுத்துவிட்டு மன்னிப்புக் கேட்பது அசிங்கம். கடிதத்தையும் அங்கேயே கொடுங்கள்.

எல்லா அறையையும் ஒரு முறை வேகமாகச் சுற்றி வாருங்கள், பதினைந்து நிமிடம் போதும். பிறகு மூன்றே பொருள்களுக்குத் திரும்புங்கள். நான் திரும்பியவை:

ஒன்று, வெண்கல வாள். கைப்பிடியின் நுனி இரண்டாகப் பிரிந்து பூச்சியின் உணர்கொம்பு போல நிற்கும். கி.மு. 400 வாக்கில் வைக்கிறார்கள். சிறியது, கண்ணில் படாமல் தாண்டிப் போய்விடுவீர்கள்.

இரண்டு, யானைத் தந்தச் சதுரங்கப் பலகை. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வைத்திருந்தது. 1815இல் பிடிபட்டு, வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, 1832இல் இங்கேயே இறந்துபோனார். அத்தனை வருடம் ஒரு கோட்டைக்குள் அடைபட்டவர் எத்தனை ஆட்டம் ஆடியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே கட்டங்களை வரைந்தேன். நேரம் மிச்சமிருந்தால் மாலையில் பாலாற்றங்கரை முத்து மண்டபத்துக்கு ஒரு ஆட்டோ பிடியுங்கள், அவருடைய நினைவிடம் அதுதான்.

மூன்று, நடுகற்கள். வடஆற்காட்டுப் பகுதி நடுகல்லுக்குப் பேர்போனது. ஊர் மாடுகளைக் கவர்ந்துபோக வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த ஆட்களுக்கு வைத்தவை பல. முகத்தை வரைய மெனக்கெடாதீர்கள், தேய்ந்திருக்கும். வில் எந்தக் கையில், அம்பு எங்கே தைத்திருக்கிறது, கொண்டை எந்தப் பக்கம், காலடியில் என்ன இருக்கிறது, இவற்றைக் குறியுங்கள். வட்டெழுத்து (பழைய தமிழ் எழுத்து முறை) இருந்தால் வரிகளின் எண்ணிக்கையை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய பொருள்களின் விவரத்தில் "வட ஆற்காடு மாவட்டம்" என்று இருந்தால் அதை அப்படியே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். 1989இல் அந்த மாவட்டம் பிரிந்தது, திருவண்ணாமலை தனியாகப் போனது. 2019இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஊர்ப் பெயரை எழுதிக்கொண்டு இன்றைக்கு எந்த மாவட்டம் என்று வீட்டில் போய்ப் பாருங்கள். என் நோட்டில், இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கும் செங்கத்தை வேலூரில் போட்டதற்குச் சிவப்பு மை விழுந்தது.

8. நாலரைக்கு மேல்: தெரு

இதற்குச் சீட்டும் கிடையாது, கடிதமும் வேண்டாம். மக்கான் சந்திப்பில் சிப்பாய்ப் புரட்சியின் நினைவுத்தூண் நிற்கிறது. 1806 ஜூலை 10 வேலூர்க் கோட்டையில் நடந்த புரட்சி. அங்கிருந்து லாங் பஜார் மணிக்கூண்டு. கடைக்காரர்கள்கூட அண்ணாந்து பார்ப்பதில்லை. அதில் உள்ள கல்லெழுத்தைப் படியுங்கள்: முதல் உலகப்போருக்கு இந்த ஊரிலிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிர்விட்டார்கள் என்று ஆங்கிலத்தில் வெட்டியிருக்கிறது. மதியம் பார்த்த நடுகல்லுக்கும் இதற்கும் என்ன உறவு என்பதைப் பற்றி ஒரு பத்தி எழுதினால் ஆசிரியருக்குப் பிடிக்கும். பஜாரில் நடுரோட்டில் நின்று வரையாதீர்கள், ஒரு கடைத் திண்ணையில் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

கடைசியாகக் காந்தி ரோடு. சிகிச்சைக்கு வங்காளத்திலிருந்து வருகிறவர்கள் ஏராளம் என்பதால் லாட்ஜ், மெஸ், மருந்துக்கடைப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காள எழுத்து நிற்கும். இதுவும் தெருக்கலைதான் என்று நான் வாதாடினேன், துறையில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை. பிளெக்ஸ் பலகைகளை விடுங்கள். கையால் பெயின்ட் அடித்த பழைய பலகை ஒன்றையாவது தேடி, வங்காள எழுத்தின் மேற்கோட்டைத் தமிழ் ஓவியர் எப்படி இழுத்திருக்கிறார் என்று பாருங்கள். ஒரு சந்தில் நான் பார்த்த பலகையில் அந்தக் கோடு நம் ஊர்ப் புள்ளிக்கோலம் மாதிரி நுனியில் சுழித்திருந்தது. படம் எடுக்கும்போது நோயாளிகளின் முகம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

9. செலவு

கடைசி முறை போனபோது என் கையிலிருந்து போனது 260 ரூபாய். மதியச் சாப்பாடும் இரண்டு டீயும் 130, விரிஞ்சிபுரத்தில் நெடுஞ்சாலையிலிருந்து கோயிலுக்கு ஆட்டோ 40, மாலையில் ஷேர் ஆட்டோ 30, மீதி கடித நகல், நுழைவுச் சீட்டு, செருப்புக் காவல் என்று. பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை, ஆண்கள் ஐம்பது ரூபாய் கூட்டிக்கொள்ளுங்கள். ஏறும் முன் பலகையைப் பாருங்கள், எல்லா டவுன் பஸ்ஸும் இலவசம் இல்லை. ஷேர் ஆட்டோவில் ஏறும் முன்பே எவ்வளவு என்று கேளுங்கள். காட்பாடி ரயிலுக்குத் திரும்புகிறவர்கள் பாகாயம் - காட்பாடி டவுன் பஸ்ஸைப் பிடிக்கலாம், ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அந்தச் சாலை நெரிசலில் ஊர்ந்து போகும். ரயில் நேரத்துக்கு ஒன்றேகால் மணி முன்னால் கிளம்புங்கள்.

ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கிவிடாதீர்கள். எந்தப் படம் எந்த இடத்தில் வரைந்தது என்று நோட்டில் இன்றே எழுதிவிடுங்கள். மறுநாள் பார்த்தால் எல்லா யாளியும் ஒரே யாளியாகத்தான் தெரியும்.